நாற்பது விநாடிக்கு ஒருமுறை

ஔலு நகரத்தில் பகல் மூன்று மணிக்கே முடிந்துவிட்டிருந்தது.
வெளியே மைனஸ் இருபத்தேழு.
வீடுகளுக்கு வெந்நீர்ச் சூடு அனுப்பும் நிறுவனத்தின்
இரண்டாம் மாடியில்
நானும் இல்போவும் ஆறிப்போன காபியும்.

பதினொரு நோடுகள், முந்நூற்றுச் சொச்சம் கன்டெய்னர்கள்.
பிறக்கும், ஓடும், மூச்சு முட்டும், சாகும்.
செத்த இடத்திலேயே இன்னொன்று எழுந்து நிற்கும்,
முன்னது எதனால் போனது என்று அறியாமல்,
கேட்கவும் தோன்றாமல்.

அன்றிரவு மட்டும்
மீட்டர் வாசிக்கும் சேவை
நாற்பத்து மூன்று முறை விழுந்து எழுந்தது.
கடைசியாக என்ன சொன்னாய் என்று கேட்கப் போனால்
சொன்ன வாயும் இல்லை, சொல் கிடந்த வட்டும் இல்லை.
துடைத்த தரை.
"பிணம் இல்லாமல் பிரேதப் பரிசோதனை" என்றான் இல்போ.

ஒவ்வொரு நோடிலும் ஒரு காதை நட்டோம்.
யார் முணுமுணுத்தாலும் வரியைப் பிடித்து,
யார், எங்கே, எப்போது என்று நெற்றியில் ஒட்டி
ஒரே கிடங்குக்கு அனுப்பும் காது.
எத்தனை டெராபைட், எத்தனை யூரோ என்றார் தைஸ்தோ.
பதினான்கு நாள் வைத்திருந்து அழித்துவிடுவோம் என்றோம்.
பதினான்கு நாளில் எது பழசாகும், எது ஆகாது
என்று அவரும் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.

முதல் நாள், காது தன் பேச்சையே கேட்டது.
கேட்டேன் என்று எழுதியது. எழுதியதைக் கேட்டது.
இருபது நிமிடத்தில் கிடங்கு நிரம்பி வழிந்தது.
"என் முன்னாள் மைத்துனன் இப்படித்தான்"
என்று சிரித்துக்கொண்டே இல்போ அதன் வாயை அடைத்தான்.

நாற்பது வரிப் புலம்பல் ஒன்று
நாற்பது அநாதைகளாக வந்து சேர்ந்தது.
தைத்துக் கோக்க இரண்டு நாள்.
ஏழாம் நோடின் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கியிருந்ததால்
கேள்விக்கு முன்னே பதில் வந்து நின்றது.
ஒரு சேவை (பெயர் வேண்டாம், எழுதியவள் நான்)
தன் கடவுச்சொல்லை ஊரறியச் சொல்லிக்கொண்டிருந்தது.

செத்துச் செத்துப் பிழைத்தவனின் மரண வாக்குமூலமும் கிடைத்தது:
நினைவகம் போதவில்லை.
அவ்வளவுதான். கூட்டிக் கொடுத்தோம். நின்றது.

வியாழக்கிழமை, சும்மா,
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது யார் என்று
எண்ணச் சொன்னேன்.

துய்ரா. வால்வு 118. பதில் இல்லை. முயற்சி 2,41,806.

நாற்பது விநாடிக்கு ஒருமுறை.
பெருக்கி வகுத்துப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு நாள்.
செப்டம்பர் கடைசியிலிருந்து.
ஒருமுறைகூட விழாத சேவை.
விழாததால் யாரும் திரும்பிப் பார்க்காத சேவை.
சாகிறவர்களுக்காகக் காது வைத்தோம்;
கேட்டதோ, சாகாமல் கதறிக்கொண்டிருந்த ஒன்றின் குரல்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே செவிடன்கூட இல்லை, வெறும் சங்கு.

ஒனெர்வாவுக்குப் போன் போட்டேன்.
"துய்ராவா? அந்தக் கட்டடத்தில் ஆறு வீட்டுக்காரர்கள்
அக்டோபரிலிருந்து குளிர், குளிர் என்று எழுதுகிறார்கள்.
அது வேறு பெட்டிக்குப் போகும்" என்றாள்.
அந்தப் பெட்டியை எங்கள் காது கேட்பதில்லை.

ஸ்பேனரும் காஸ் விளக்கும் எடுத்துக்கொண்டு
பனியில் அவள் போய் இறங்கி ஒரு மணி நேரம் கழித்து
நான்கு பத்துக்கு ஒரு வரி:
வால்வு 118. திறந்தது.
நன்றி என்றெல்லாம் எழுத அதற்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து 118 என்று தேடினேன்.
பூஜ்யம் வரிகள்.
திறந்தது என்ற அந்த ஒன்றும் கெடு முடிந்து போயிருந்தது.
இந்த அமைதி நலம்தானா,
இல்லை, காது தூங்கிவிட்டதா?
மூன்றாம் நோடுக்குள் போய் நானே ஒரு வரி எழுதினேன்:
இங்கே இருக்கிறேன்.

கிடங்குக்கு வந்து சேர நான்கு விநாடி.
அதற்குள் என்னென்னவோ நினைத்துவிட்டேன்.